அட்வான்ஸ்டுன்னா நல்லதுதானே

அவருடைய நிஜப் பெயர் பயிற்சி நிலையத்துச் சம்பளக் கவரில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஜோடி சார். செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய மாடிப்படியில் ஏறிப் போனால் இரண்டு அறைகள். ஒன்றில் கணக்கு வகுப்பு நடக்கும், இன்னொன்றில் இவருடைய இங்கிலீஷ். வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் நர்ஸுகள், ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்கள், கப்பல் கம்பெனிக்காகக் காத்திருக்கும் வெல்டர்கள் என்று பெஞ்சுக்கு நாலு பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். இலக்கணமெல்லாம் அவர்கள் ஏற்கெனவே எங்கேயாவது படித்து முடித்திருப்பார்கள். எந்த வார்த்தையோடு எந்த வார்த்தை ஒட்டும் என்பதில்தான் கோட்டை விடுவார்கள். அந்த ஒட்டுதலைச் சொல்லிக் கொடுப்பதுதான் அவருக்குச் சோறு போட்டது.

"பல்லை என்ன பண்ணுவீங்க?" என்று ஆரம்பிப்பார்.

"விளக்குவோம் சார்."

"பாத்திரத்தை?"

"கழுவுவோம்."

"துணியை?"

"துவைப்போம்."

"பல்லைத் துவைச்சேன்னு எவனாவது சொன்னா?"

பெஞ்சு குலுங்கும். அவர் சிரிக்காமல் நிற்பார். "அழுக்கு போறது என்னமோ ஒண்ணுதான். ஆனா சொல்றவன் இந்த ஊர்க்காரன் இல்லன்னு அந்த ஒரு வார்த்தையிலே தெரிஞ்சு போச்சு. ஏன்னு கேட்டா பதில் கிடையாது. அது அதுக்கு ஒரு ஜோடி, அவ்வளவுதான்."

ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நர்ஸ், "எல்லாத்துக்கும் ஜோடி சொல்றீங்க. உங்க ஜோடியை மட்டும் காணோமே சார்?" என்று கேட்டுவிட்டாள். "அந்தப் பாடம் சிலபஸ்ல இல்லம்மா" என்றார் அவர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

கல்யாணம் ஆகவில்லை என்று அவர் பெரிதாக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவரை வளர்த்தது அக்காதான். அக்காவுக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுத்து வந்து, கூடத்து மூலையில் போட்டிருந்த மெஷினில் தைப்பாள். தம்பி படித்ததெல்லாம் அந்த மெஷின் சத்தத்துக்கு நடுவேதான். அவள் கல்யாணம் செய்துகொண்டபோது, அவரையும் சேர்த்துத்தான் புதுக் குடித்தனத்துக்கு அழைத்துப் போனாள். அத்தான் அதற்கு ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. லிப்ட் பழுது பார்க்கிற மனிதர். மொட்டை மாடி மெஷின் அறைகளில் நாளெல்லாம் நின்று நின்று, காது பாதி செத்துப் போயிருந்தது. அவரிடம் பேசுவதென்றால் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துப் பேச வேண்டும்.

அக்காவுக்கு மனிதர்களை எடைபோட ஜன்னல் போதும். "அந்த வீட்ல புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறதில்லடா. படுக்கையறை ஜன்னல்ல ஒரு பக்கம் தூசி அப்பிக் கெடக்கு" என்பாள். தம்பியைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமைக்கு அளவே கிடையாது. "என் தம்பி குறட்டைகூட இங்கிலீஷ்லதான் விடுவான்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வைப்பாள். அதன் பலனாகத் தெருவில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும், யார் பேங்குக்குப் போனாலும், யாருக்கு ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் டாக்டர் அமைந்தாலும் ஜோடி சாரைத்தான் தேடி வருவார்கள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அக்காவுக்குச் சாப்பாடு இறங்காமல் போக ஆரம்பித்த சமயத்தில், அவர் வகுப்பில் 'ஸ்டேஜ்' என்ற சொல்லை நடத்திக்கொண்டிருந்தார். தேர்வில் அடிக்கடி வரும் சொல். எர்லி ஸ்டேஜ் சரி, ஸ்மால் ஸ்டேஜ் தப்பு. ஒரு ஸ்டேஜை ரீச் பண்ணலாம், என்டர் பண்ணலாம், கடந்து போகலாம், பிடிக்க முடியாது. 'ஆன் ஸ்டேஜ்' என்றால் மேடை மேலே, 'அட் திஸ் ஸ்டேஜ்' என்றால் இந்தக் கட்டத்தில். அந்தச் சின்ன வார்த்தை தவறினால் ஆளை மேடையில் ஏற்றிவிடுவீர்கள் என்று எச்சரித்தார்.

"அட்வான்ஸ்டு ஸ்டேஜ்னா நல்லதா சார், கெட்டதா?" என்று ஒரு வெல்டர் கேட்டான்.

"எதைப் பத்திப் பேசறோம்ங்கறதைப் பொறுத்தது. படிப்புன்னா நல்லது. பேச்சுவார்த்தைன்னா நல்லது. வியாதின்னா முத்திப் போச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அக்கா முதலில் அதை வாய்வுக் கோளாறு என்றாள். பிறகு வயது என்றாள். பாவாடை நாடாவை இழுத்து இழுத்து முடிய வேண்டி வந்தபோது, "இளைச்சா நல்லதுதானே, எத்தனை பேர் காசு குடுத்து இளைக்கிறாங்க" என்றாள். ஒருநாள் ஜன்னல் அளவெடுக்க ஸ்டூல் மேல் ஏறியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஊசியால் குத்தி எடுத்த சதைத் துணுக்கு, காத்திருப்பு எல்லாம்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். வேறெங்கிருந்தோ வந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அறையில் டாக்டருடையதையும் சேர்த்து மூன்று நாற்காலிகள்தான் இருந்தன. எப்படியும் நமக்குக் கேட்காது என்று அத்தான் வெளியே பெஞ்சிலேயே இருந்துகொண்டார்.

டாக்டர் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கணையத்தில் தொடங்கியிருக்கிறது. கல்லீரலுக்குப் பரவிவிட்டது. இட் இஸ் அட் அன் அட்வான்ஸ்டு ஸ்டேஜ். மருந்து ஏற்றலாம்; நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடும், குணமாக்காது.

ஜோடி சாரின் மனம் பழக்க தோஷத்தில் முதலில் வார்த்தைகளைத்தான் சரிபார்த்தது. 'அட்' சரி. 'அட்வான்ஸ்டு ஸ்டேஜ்' சரியான ஜோடி. அதற்குப் பிறகுதான் அர்த்தம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அட்வான்ஸ்டுன்னாங்களே, அது எனக்கே புரிஞ்சுதுடா. மெஷின் வாங்கினப்போ கடைக்காரன் சொன்னானே, அட்வான்ஸ்டு மாடல்னு. அப்போ நல்லதுதானே?"

அவள் முகத்தில் பரீட்சையில் ஒரு கேள்விக்காவது விடை தெரிந்துவிட்ட பிள்ளையின் சந்தோஷம் இருந்தது.

"ஆமாக்கா" என்றார் அவர்.

சொன்ன பிறகு அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. "வைத்தியமெல்லாம் இப்போ ரொம்ப முன்னேறிடுச்சாம். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சதால பயமில்லையாம். மருந்து ஏத்தினா சரியாயிடுமாம்."

"உங்கள் அக்காவுக்குப் புரிந்ததா? ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார்.

"எல்லாம் புரிந்தது. கேள்வி ஒன்றும் இல்லை" என்று இவரும் இங்கிலீஷில் சொன்னார்.

டாக்டர் கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா வாய் நிறையச் சிரித்தாள். டாக்டர் ஒரு கணம் தடுமாறினார். இவ்வளவு தைரியமான பெண்ணா என்று நினைத்திருக்க வேண்டும்.

"நல்ல பொம்பளைடா. ஆனா பாரு, ஜன்னலுக்கு எவ்வளவு கண்றாவியா திரை போட்டிருக்காங்க. குணமானதும் நான் ஒண்ணு தைச்சுக் குடுக்கறேன்னு சொல்லு."

அதை மட்டும் அவர் வார்த்தை மாறாமல் மொழிபெயர்த்தார். டாக்டரின் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தான், "என்ன சொன்னாங்க மாப்ள?" என்று கேட்டார். ஓடுகிற பஸ்ஸில் அவருக்குச் சொல்வதென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். "ஆரம்பக் கட்டம்தான் அத்தான். சரியாயிடும்" என்று கத்தினார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, நல்ல செய்தி கேட்டவரைப் போலத் தலையை ஆட்டினார். பஸ் பூராவும் கேட்கச் சொன்ன பிறகு அந்தப் பொய் தன்னுடையது மட்டும்தான் என்று ஜோடி சாருக்குத் தோன்றவில்லை. ஊருக்கே பொதுவாகிவிட்டது போலிருந்தது.

இன்று ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கட்டும், நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் அவர் எண்ணம். மறுநாள் அக்கா நெடுநாளைக்குப் பிறகு ஒரு தட்டு சாப்பிட்டாள். அன்றைக்கு எப்படிச் சொல்வது? அதற்கடுத்த நாள் அவள் மகள் போனில் வந்தாள்.

அக்காவுக்கு ஒரே மகள். கடல் தாண்டி ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை. அவளுக்கு இங்கிலீஷ் கற்றுக் கொடுத்ததும் மாமாதான். வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சீசன் முடியும்வரை தாக்குப்பிடித்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"மாமா, அம்மா சொல்றதை நான் நம்ப மாட்டேன். நீங்க சொல்லுங்க. நான் இப்பவே கிளம்பி வர்றேன்."

அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, வேண்டாம், பிள்ளையைக் கலவரப்படுத்தாதே என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பதறாதடா குட்டி. எர்லி ஸ்டேஜ்தான்."

"ஸ்டேஜ் ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுன்னு வெச்சுக்கோயேன்."

"வெச்சுக்கோன்னா என்ன மாமா அர்த்தம்?"

"ஒண்ணுதான்."

எதிர்முனையில் நீளமாக ஒரு மூச்சு. "நீங்க சொன்னா சரி. அப்போ சீசன் முடிஞ்சதும் வர்றேன். அம்மாவைப் பார்த்துக்கங்க."

அவர் போனை வைத்தார். அக்கா அவர் முதுகில் தட்டி, "நல்லவேளை நீ பேசினே. நான் சொன்னா நம்பியிருக்க மாட்டா" என்றாள்.

மருந்து ஏற்றினார்கள். அவளைப் புரட்டிப் போட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் குளியலறை வாசலிலேயே சுருண்டு படுத்துக்கொள்வாள். முடி கொட்டியது. நாக்கு வெந்து போனது. கொதிக்கவைத்த தண்ணீரில்கூட இரும்பு வாடை வருகிறது என்று துப்பினாள். நாள் தள்ளிப்போகும் என்று டாக்டர் சொன்ன அந்த நாட்கள் இப்படித்தான் போயின. எதற்காக இவ்வளவையும் தாங்குகிறோம் என்று தெரிந்திருந்தால் அவள் வேண்டாமென்று சொல்லியிருப்பாளோ என்னவோ. அதைக் கேட்கும் வாய்ப்பை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. குணமாகிவிடுவோம் என்ற நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் எழுந்து சேலையைச் சுற்றிக்கொண்டு, "வாடா, நேரமாகுது" என்று கிளம்பினாள்.

அதையெல்லாம்கூட ஜோடி சார் எப்படியோ பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் தாங்க முடியாதது வேறொன்று.

உடம்பு தேறவில்லை என்பது அவளுக்கே தெரியத் தொடங்கியபோது, அவள் டாக்டரைக் குறை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு வேளை மாத்திரையை மறந்துட்டேன்டா. அதனாலதான் இப்படி ஏறிடுச்சோ? டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"இல்லடா. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க. அவங்க வேலையை அவங்க ஒழுங்காத்தான் செஞ்சாங்க. நான்தான் எதையோ சரியா பண்ணல."

அத்தானும் அவர் பங்குக்குச் சத்தம் போடுவார். கேட்காத காதுக்காரர் பேசினால் அதட்டுவது போலத்தான் இருக்கும். "சின்ன வியாதி. இதை இப்படி வளர்த்து வெச்சிருக்கே. ஒழுங்கா சாப்பிடறதில்ல, நடக்கச் சொன்னா நடக்கறதில்ல. எத்தனை பேர் பொழைச்சு வந்து நிக்கறாங்க." அக்கா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடப்பாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு கவளத்தையும் மருந்து மாதிரி விழுங்குவாள். விழுங்கியது சற்று நேரத்தில் வெளியே வரும். "மன்னிச்சுக்கங்க, நிக்க மாட்டேங்குது" என்று அத்தானிடம் சொல்வாள்.

ஜோடி சார் அப்போதெல்லாம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டு நிற்பார். இப்போது சொல்லிவிடலாம், உன்மேல் ஒரு தப்பும் இல்லையக்கா என்று சொல்லிவிடலாம் என்று பல தடவை கூடத்துக்கு வந்திருக்கிறார். அப்படிச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டுமே. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி வேணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

கடைசியாக ஒருமுறை டாக்டர் அறைக்குப் போனார்கள். அட் திஸ் ஸ்டேஜ், என்று ஆரம்பித்தார் டாக்டர். இந்தக் கட்டத்தில் மருந்தை நிறுத்திவிடுவதுதான் நல்லது. வீட்டில் வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள்.

"என்னடா சொல்றாங்க?"

"மருந்து போதும்ங்கறாங்க."

"போதும்னா? சரியாயிடுச்சா?"

சுவரில் ஒரு மின்விசிறி டக்டக் என்று தட்டிக்கொண்டு சுற்றியது. டாக்டர் காத்திருந்தார். அக்கா தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாகிப் போன அந்த முகத்தில் கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"அப்படித்தான்க்கா" என்றார்.

இத்தனை காலம் டாக்டர் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அன்றைக்குக் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் எழுந்து வந்து அவள் தோளைத் தடவிக் கொடுத்தார். சாகப் போவதைக் கேட்டு அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் அழுதது பிழைத்துவிட்டோம் என்று. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றதை, இரண்டு மொழியும் தெரிந்த ஒரே மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தெருவில் எல்லோருக்கும் சொன்னாள். மகளுக்குப் போன் போட்டு, "எனக்கு எல்லாம் முடிஞ்சுடுச்சுடி. மருந்தே வேணாம்னுட்டாங்க. நீ அவசரப்படாம வேலையை முடிச்சுட்டு வா" என்றாள். ஒரு பழைய வாடிக்கையாளர் கேட்டிருந்த திரைக்குத் துணியை வெட்டிக்கூட வைத்துவிட்டாள். மெஷின் மிதிக்கக் காலில் வலுவில்லை. இரண்டொரு நாளில் வந்துவிடும் என்று துணியை மடித்து வைத்தாள்.

வலு வரவில்லை, மஞ்சள் காமாலை வந்தது. கண்ணும் நகமும் மஞ்சள் பூத்தன. பேச்சு குழற ஆரம்பித்தது. அப்போதுதான் ஜோடி சார் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டு அக்கா மகளுக்குப் போன் செய்து, "கிளம்பி வா" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அவள் வந்து சேர்ந்தபோது அக்காவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பெட்டியைத் தள்ளிக்கொண்டே வார்டுக்குள் ஓடி வந்தவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான்தான்மா" என்றாள். அக்கா கண்ணைத் திறந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாடிக்கையாளரிடம் பேசுகிற மரியாதையான குரலில், "எந்த ஜன்னலுக்குங்க?" என்று கேட்டாள். மகள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அக்கா தெளிவாக ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள். மாமாவை வரச் சொல்லவில்லை. அவளுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. மாமா கற்றுக் கொடுத்த இங்கிலீஷ் அவளுக்குப் போதும்.

திரும்பி வரும்போது அவள் நடையே மாறியிருந்தது. நடைக்கூடத்தின் கோடியில், சக்கர நாற்காலிகளை மடக்கி வைத்திருந்த இடத்தில் அவர் நின்றிருந்தார்.

"முதல் நாளே சொன்னாங்களாமே."

அவர் தலையசைத்தார்.

"உங்க மாமாகிட்ட எல்லாம் விளக்கமா சொன்னேன், உங்கம்மா எவ்வளவு தைரியமா கேட்டுக்கிட்டாங்க தெரியுமான்னு சொல்றாங்க. ஜன்னலுக்குத் திரை தைச்சுத் தர்றேன்னு சொன்னாங்களாம். அதை நினைச்சா இப்பவும் தாங்கலையாம் அவங்களுக்கு." அவள் குரல் உயரவில்லை. "எங்கம்மா தைரியமாவா கேட்டாங்க மாமா?"

"குட்டி, நான் ஒரு நாளைக்குன்னு நெனைச்சுத்தான்..."

"நான் ஒண்ணா ரெண்டான்னு கேட்டேன்."

"கேட்டே."

"ஒரு மாசம் வந்து இருந்திருப்பேன். வேலை போனா போகுதுன்னு வந்திருப்பேன். அவங்க மடியில படுத்துட்டுப் போயிருப்பேன். இப்ப என்னை யாருன்னு தெரியல அவங்களுக்கு. வேற யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்க சொன்னீங்கன்னுதான் நம்பினேன்."

அவர் கையை நீட்டினார். அவள் விலகிக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டாள்.

அந்த வாரத்திலேயே அக்கா இறந்துபோனாள்.

மகள் வேலைக்குத் திரும்புமுன் ஒரே ஒருமுறை அவரிடம் பேசினாள். அதுவும் வாசலில் டாக்ஸிக்காரர் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது. "அப்பாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். என்னால இப்போ அவரைக் கூட்டிட்டுப் போக முடியாது. அவருக்குன்னு இங்க இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களையும் வெறுத்துட்டா அவர் யார் கையில சாப்பிடுவார்? எங்கம்மாகிட்ட சொன்ன மாதிரியே அவர்கிட்டயும் எதையாவது சொல்லிக்கிட்டிருங்க. உங்களுக்குத்தான் அது வருமே."

பிறகு அவள் போன் செய்வதெல்லாம் அப்பாவுக்குத்தான். காது கேட்காத மனிதர் "என்னது, என்னது" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு திணறினாலும், மாமாவிடம் கொடுங்கள் என்று சொல்ல மாட்டாள்.

இரண்டு ஆண்கள் அந்த வீட்டில் மிஞ்சினார்கள். ஜோடி சார் காலையில் சமைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். தெருக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் திரும்பும்போது அத்தான் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். தினமும் பேச்சு ஒன்றுதான்.

"ஆரம்பக் கட்டம்னு சொல்லிட்டு அவளைக் கொன்னுட்டாங்களே மாப்ள. சரியாயிடுச்சுன்னு அனுப்பி வெச்சாங்களே. அதெப்படி அந்தப் பொம்பளை அப்படிச் சொல்லலாம்? படிச்சவதானே?"

"விடுங்க அத்தான்."

"எப்படி விடறது? நானும் அவளை என்னவெல்லாம் பேசிட்டேன். ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கறேன்னு திட்டினேன். சாப்பிட முடியாம இருந்தவளைத் திட்டினேன். அந்த டாக்டர் ஒழுங்கா சொல்லியிருந்தா நான் பேசியிருப்பேனா?"

சில நாட்கள் கழித்து அத்தான் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கி வைத்திருந்தார். "ஆஸ்பத்திரிப் பெரியவருக்கு எழுதணும். அந்த டாக்டர் வேலையை விட்டுப் போகணும். நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எழுது."

இன்று வேண்டாம், நாளைக்கு என்று ஜோடி சார் தள்ளிப்போட்டார். அத்தான் விடவில்லை. சாப்பிட மறுத்தார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தாளை முன்னால் நகர்த்தினார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தார்கள். அத்தான் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். என் மனைவியின் நோயைச் சரியாகக் கவனிக்கவில்லை, பொய் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள், என் மனைவியை நானே திட்டும்படி செய்துவிட்டார்கள், நான் செத்தாலும் அந்த டாக்டரை மன்னிக்க மாட்டேன். பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன எழுதினேன்னு தமிழ்ல படிச்சுக் காட்டு."

ஜோடி சார் தாளைக் கையில் எடுத்து, அவர் காதருகே குனிந்து, உரக்கப் படித்தார். பொய் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று படித்தார். அந்த டாக்டரை மன்னிக்க மாட்டேன் என்று படித்தார். கண்ணெதிரே தாளில் இருந்ததோ, என் மனைவியை மிகுந்த கனிவோடு கவனித்துக்கொண்ட டாக்டருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி என்பதுதான். வாக்கியங்களில் ஒரு பிழை கிடையாது. எல்லா வார்த்தையும் அதனதன் ஜோடியோடு நின்றது.

"அப்படியே நான் சொன்ன மாதிரி எழுதியிருக்கே" என்று அத்தான் திருப்தியோடு தலையாட்டினார். கீழே கையெழுத்துப் போட்டார். லிப்ட் வேலைப் பதிவேட்டில் போட்டுப் பழகிய, கோணலான பெரிய கையெழுத்து. பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

"பதில் போடுவாங்கல்ல?"

"போடுவாங்க அத்தான்."

"மன்னிப்புக் கேட்டா நீ படிச்சுச் சொல்லு."

"சொல்றேன்."

கடிதத்தை ஜோடி சாரே கொண்டுபோய்த் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டார். மறுநாளிலிருந்து அத்தான் காலையில் எழுந்ததும் படியிறங்கிப் போய் வாசல் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். வெறுங்கையோடு மேலே வந்து, "இன்னைக்கும் இல்ல மாப்ள" என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தாலும், வராமலே போனாலும், அத்தானுக்குப் படித்துக் காட்ட வேண்டியதை ஜோடி சார்தான் எழுதியாக வேண்டும். அந்த டாக்டரின் பெயரைப் போட்டு, அந்த டாக்டர் செய்யாத தவறுக்காக, அத்தான் நம்பும்படி ஒரு மன்னிப்பு.

வகுப்பு முடிந்து வரும் வழியில் அவர் மனதுக்குள் அதன் முதல் வரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.